அழகாபுரம் மாடி பார்லர்: நுனி வெட்ட மட்டும் போங்கள்

சேலத்தில் கேட்ட அளவுக்கு மட்டும் முடி வெட்டும் ஆள் கிடைப்பது லேசில்லை. விரலை வைத்து "இவ்வளவுதான்" என்று காட்டிவிட்டு உட்கார்ந்தால், எழுந்திருக்கும்போது தரையில் ஒரு சாண் கிடக்கும். கேட்டால் "ஷேப் வரணும்ல மேடம்" என்பார்கள். அதனால்தான் அழகாபுரத்தில் இருக்கிற இந்தப் பார்லரைப் பற்றி எழுதலாமென்று தோன்றியது. பெயரைப் போடவில்லை. நடத்துகிற அக்காவே "வேண்டாம் டீச்சர், ஞாயித்துக்கிழமை இப்பவே உட்கார இடமில்ல" என்று சொல்லிவிட்டார். கீழே ஜெராக்ஸ் கடை, பக்கவாட்டில் மேலே ஏறும் இரும்புப் படி என்றால் அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்துவிடும்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறேன். முடி இடுப்பைத் தொடும், முக்கால் மீட்டர் இருக்கும். ஒரு மாதத்துக்குச் சுமார் ஒன்றேகால் சென்டிமீட்டர் வளர்ச்சி என்று கணக்குப் போட்டால், என் பின்னலின் கடைசியில் தொங்குவது ஐந்து வருஷத்துக்கு முன்னால் தலையை விட்டு வெளியே வந்தது. ஐந்து வருஷ வெயில், ஐந்து வருஷச் சீப்பு, ஐந்து வருஷ ஹெல்மெட் எல்லாம் அதன் மேல் ஏறியிருக்கிறது. வேர்ப்பக்கம் வழுவழுவென்று இருக்கிற அதே முடி நுனியில் வெடித்து இரண்டாகப் பிரிந்து நிற்பதற்கு இந்த வயது வித்தியாசமே முக்கால் காரணம்.

போன முறை நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய், வெள்ளியில் முடி வெட்டக்கூடாது என்று நம் ஊரில் பாதிப் பேர் வரமாட்டார்கள். அமாவாசையும் சேர்ந்துகொண்டால் கடையே காலி. என்னைப் போல அதைப் பார்க்காதவர்களுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது, அக்கா கண்ணாடி முன்னால் என்னை உட்கார வைத்து, பின்னலை அவிழ்த்து, ஒரு கொத்தை எடுத்து வெள்ளைத் துணி மேல் பரப்பினார். "இங்க பாருங்க. இது ரெண்டா பிரிஞ்சது. இது இறகு மாதிரி நாலஞ்சா பிரிஞ்சது. இது நுனியே இல்ல, நடுவுல வெள்ளையா புள்ளி இருக்கு பாருங்க, இங்க ஒடியப்போகுது." அந்த வெள்ளைப் புள்ளியை நான் அதுவரை பொடுகு என்று தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்த இடத்தில் முடியின் மேல்தோல் உரிந்து, உள்ளே இருக்கிற நார்கள் பிதுங்கி நிற்கின்றன. தோல் மருத்துவப் புத்தகத்தில் இதற்கு ட்ரைக்கோரெக்சிஸ் நோடோசா என்று பெயர், நுனி பிளப்பதற்கு ட்ரைக்கோப்டிலோசிஸ். அக்காவுக்கு இரண்டு பெயரும் தெரியாது, ஆனால் இரண்டையும் கண்ணால் பிரித்துக் காட்டத் தெரிகிறது. எனக்கு அது போதும்.

"ஒட்ட வைக்க ஏதாவது இருக்கா?" என்று வேண்டுமென்றே கேட்டேன். "ஒட்டுறதுக்கு இது என்ன கிழிஞ்ச நோட்டா டீச்சர்? வெட்டுறதுதான்" என்றார். இந்த ஒரு பதிலுக்காகவே இந்தக் கடைக்கு நாலு நட்சத்திரம் கொடுப்பேன். மற்ற இடங்களில் இதே கேள்விக்கு ஒரு புட்டியை எடுத்து நீட்டுவார்கள்.

ஏன் ஒட்டாது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், வகுப்பெடுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். முடிக்கு வெளியே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த செதில் அடுக்குகள் இருக்கின்றன, நம் முடியில் ஆறிலிருந்து பத்து அடுக்கு வரை. அதற்கு உள்ளே நீளவாக்கில் ஓடும் கெரட்டின் என்கிற புரத நார்கள். செதில்களின் மேல்பரப்பில் மெல்லிய கொழுப்பமிலப் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். ஒரு முடி இன்னொரு முடியின் மேல் வழுக்கிப் போவது அதனால்தான். ப்ளீச், கலரிங், காரத்தன்மை அதிகமான சோப்பு எல்லாம் முதலில் கை வைப்பது அந்தப் படலத்தில்தான். படலம் போனால் உரசல் கூடும், உரசலில் செதில் உதிரும், செதில் உதிர்ந்தால் உள்ளே இருக்கிற நார்களைக் கட்டிப்பிடிக்க ஆளில்லை. தலைக்கு வெளியே வந்த முடியில் உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லாததால், தோலில் பட்ட காயம் ஆறுவதைப்போல இது தானாக ஆறவும் ஆறாது. முடிக்குத் தடவுகிற சீரத்தில் இருக்கிற டைமெத்திகோன் என்கிற சிலிக்கோன் பிளவின் மேல் பூச்சாகப் படிந்து, அடுத்த முறை தலை குளிக்கும் வரை மூடியதுபோலக் காட்டும். உரசலைக் குறைப்பதால் அது உபயோகமான பொருள்தான், நானும் இரண்டு சொட்டு போடுகிறேன். ஆனால் 'பிளவைச் சரிசெய்யும்' என்று அட்டையில் அச்சடித்திருப்பதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

இனி வேலையைப் பற்றி. அக்கா தண்ணீர் தெளிக்காமல் காய்ந்த முடியில்தான் ஆரம்பித்தார். சின்னச் சின்னக் கொத்தாக எடுத்து, கயிறு திரிப்பதுபோல் முறுக்கிப் பிடித்தார். முறுக்கினால் நல்ல முடி உள்ளே அடங்கிவிடுகிறது, வெடித்த நுனிகள் மட்டும் பக்கவாட்டில் சிலிர்த்து வெளியே நிற்கின்றன. அவற்றை மட்டும் கத்தரி நுனியால் ஒவ்வொன்றாக எடுக்கிறார். வெடிப்பு இருக்கிற இடத்திலேயே வெட்டாமல், அதற்கு அரை சென்டிமீட்டர் மேலே நல்ல இடத்தில் வெட்டுகிறார். பிளவில் கொஞ்சம் விட்டுவைத்தாலும் அது மேல்நோக்கி ஏறிக்கொண்டே போகும். இது முடிந்த பிறகுதான் மொத்த நுனியையும் ஒரு விரற்கடை அளவு நேராக வெட்டி முடித்தார். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. நீளத்தில் வித்தியாசமே தெரியவில்லை, வீட்டில் என் மாமியார் "போனியா, இல்லையா?" என்று கேட்டார்.

கத்தரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேஜை இழுப்பறையில் துணி சுற்றி வைத்திருக்கிறார், உதவிக்கு இருக்கிற பெண் ஒரு தடவை ஷாம்பு சாஷேவைக் கிழிக்க அதை எடுத்தபோது விழுந்த திட்டை நான் கேட்டேன். மழுங்கின கத்தரி முடியை அறுக்காது, நசுக்கும். நசுங்கின நுனி சீக்கிரமே மறுபடி பிளந்துவிடும். வீட்டில் பால் பாக்கெட் வெட்டுகிற கத்தரியால் நுனி எடுப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

இருநூற்றைம்பது ரூபாய் வாங்கினார். அந்த வேலைக்கு அது குறைவு.

ஹேர் ஸ்பா விஷயத்தில்தான் எனக்கு இந்தக் கடையோடு ஒத்துப்போகவில்லை. அக்கா வற்புறுத்தமாட்டார், ஆனால் அந்த உதவிப் பெண் "மேடம், ஸ்பா பண்ணிக்கிட்டா ஸ்ப்ளிட் எண்ட்ஸ் வரவே வராது" என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். தொள்ளாயிரம் ரூபாய். ஒரு தடவை செய்துகொண்டேன். கிரீம் தடவி, தலையைப் பிடித்துவிட்டு, ஆவி காட்டினார்கள், கண் சொக்கியது. இரண்டு தலைக்குளியல் வரை முடி மிருதுவாக இருந்தது, பிறகு பழைய கதை. அது நல்ல கண்டிஷனர், நல்ல மசாஜ். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. கழுவும் தொட்டியின் விளிம்பு வேறு கழுத்தில் அழுத்துகிறது, ஒரு துண்டை மடித்து வைக்கச் சொல்லிக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கடையில் முடியை நேராக்குகிற கெரட்டின் ட்ரீட்மென்ட் செய்வதில்லை, அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். என்னோடு வேலை பார்க்கிற ஒரு டீச்சர் வேறொரு பெரிய ஏசி சலூனில் ஏழாயிரம் ரூபாய் கொடுத்துச் செய்துகொண்டார். கண்ணில் நீர் வடிய வடிய உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். அப்படிப்பட்ட பல மருந்துகள் சூடான அயர்ன் பட்டதும் ஃபார்மால்டிஹைடு வாயுவை விடும். புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் இருக்கிற வாயு அது, லேபில் நாங்கள் பாட்டிலைத் திறக்கவே யோசிப்போம்.

வெட்டிக்கொண்டு வந்தபின் வீட்டில் என்ன செய்கிறோம் என்பதுதான் அடுத்த வெடிப்பு எப்போது என்பதைத் தீர்மானிக்கிறது. அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வியே "உங்க வீட்ல போர் தண்ணியா, காவேரி தண்ணியா?" என்பதுதான். நாங்கள் கருப்பூர்ப் பக்கம். வெள்ளைக்கல் சுரங்கம் இருக்கிற பூமி. அந்தக் கல் மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். மேட்டூரிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் சரியாகப்போகும், குளியலுக்குப் போர்தான். பள்ளி லேபில் பிள்ளைகளுக்கு இ.டி.டி.ஏ. என்கிற ரசாயனத்தை வைத்துத் தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்திருக்கிற கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு, பார்க்கிற பாடம் வந்தபோது எங்கள் வீட்டுத் தண்ணீரையே ஒரு பாட்டிலில் கொண்டுபோனேன். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் அது லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. எங்களது அதையும் தாண்டியது. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம்.

கடின நீர் நேரடியாக முடியைப் பிளக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அது செய்வது வேறு. கால்சியமும் மக்னீசியமும் முடி மேல் படிந்து சொரசொரப்பாக்கும், சிக்கு விழும், சிக்கைச் சீப்பால் பிடுங்கும்போது செதில் போகும். தலைக்குச் சோப்புக் கட்டி போடுகிறவர்களுக்கு இன்னும் மோசம். சோப்பும் இந்த உப்பும் சேர்ந்து கரையாத வெள்ளைப் பிசுக்காக முடியிலேயே தங்கிவிடும். ஷாம்பு, சீயக்காய், பூந்திக்கொட்டை, நம் பக்கத்து அரப்பு இலைப்பொடி இதெல்லாம் அந்தப் பிசுக்கைத் தராது. கடைசி ஒரு மக்கு மட்டும் குழாய்த் தண்ணீரில் அலசச் சொன்னார் அக்கா. அதை மட்டும் செய்தே சிக்கு பாதியானது.

அரப்பு, சீயக்காய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சின்னக் கடை வீதி நாட்டு மருந்துக் கடையில் அரைத்து வாங்கினால் நைஸாகச் சலித்துத் தரச் சொல்லுங்கள். கொரகொரவென்று இருக்கிற பொடியை நீளமான முடியில் தேய்ப்பது உப்புத்தாள் வேலை. நான் வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டித் தெளிவை மட்டும் ஊற்றுகிறேன், அதுவும் மண்டைக்குத்தான். வழிந்து வருவது நுனிக்குப் போதும்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை அக்கா ரொம்பவே ஆதரிக்கிறார், எனக்கும் அதில் சந்தேகமில்லை. 2003-இல் ஒரு அழகுசாதன அறிவியல் இதழில் வந்த ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டதில், முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கிற மாரிகோ நிறுவனத்தின் ஆட்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆனால் காரணம் வேதியியல்படி பொருந்துகிறது: அதில் அதிகமாக இருக்கிற லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சின்னது, வளைவில்லாதது, முடிக்குள்ளே போய்விடும். குளிப்பதற்கு முன்னால் தேய்க்க வேண்டும் என்பதுதான் விஷயம். குளித்துவிட்டு, காய்ந்த முடியில் வழிய வழிய வைத்துப் பின்னிக்கொண்டால் அம்மாபேட்டை மெயின் ரோட்டுப் புழுதி முழுவதும் அதில்தான் ஒட்டும்.

நம் வீட்டுப் பெண்கள் செய்கிற பெரிய பாவம் ஒன்றிருக்கிறது. குளித்துவிட்டு மொட்டை மாடியில் குனிந்து நின்று, ஈரமுடியைத் துண்டால் பட்பட்டென்று அடிப்பது. பார்க்க அழகாக இருக்கும், சத்தமும் நன்றாக இருக்கும். ஆனால் தண்ணீர் புகுந்த முடியில் நார்களைப் பிடித்து வைத்திருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்ந்துபோய், அது நீளத்தில் முப்பது சதவீதம் வரை இழுபடும் நிலையில் இருக்கிறது. அந்த நேரத்தில் அடிக்கும் அடியும் இழுக்கிற சீப்பும்தான் நுனியைக் காலி செய்கின்றன. பழைய பருத்தித் துண்டில் சுற்றி அமுக்கி எடுங்கள், முக்கால்வாசி காய்ந்ததும் அகலப் பல் சீப்பால் கீழிருந்து மேலாகச் சிக்கெடுங்கள். அவசரமென்றால் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள். ஈர முடியில் ஸ்ட்ரெய்ட்னர் மட்டும் வேண்டவே வேண்டாம்: உள்ளே இருக்கிற தண்ணீர் கொதித்து ஆவியாகி, முடிக்குள் குமிழி விட்டுவிடும்.

எங்கள் பள்ளியில் இரட்டை ஜடையை மடித்து ரிப்பன் கட்டி வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். நுனி மறைவாக இருப்பதால் சட்டையில் உரசுவதில்லை, நல்லதுதான். ஆனால் தினமும் அதே இடத்தில் மடித்து இறுக்கிக் கட்டுகிற பிள்ளைகளுக்கு மடிப்பு விழுகிற இடத்தில் முடி ஒடிந்து குட்டை குட்டையாக நிற்கிறது. கட்டுகிற இடத்தைக் கொஞ்சம் மாற்றி மாற்றிப் போட்டால் ஆச்சு. துணி சுற்றாத வெறும் ரப்பர் பேண்டைக் கண்டால் நான் அங்கேயே கழற்றச் சொல்லிவிடுவேன். வ.உ.சி. மார்க்கெட்டில் மல்லிகை வாங்கி வைக்கிறவர்களுக்கும் அதேதான், ஹேர்பின்னின் முனையில் பிளாஸ்டிக் குமிழ் உதிர்ந்துபோயிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வெட்டினால் முடி வேகமாக வளரும் என்று அந்த உதவிப் பெண் சொல்வதையும் காதில் வாங்க வேண்டாம். வளர்வது வேரில், நுனியில் கத்தரி பட்டது வேருக்குத் தெரியாது. ஒடிவது குறைவதால் நீளம் தங்குகிறது, அவ்வளவுதான். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை போனால் என் மாதிரி முடிக்குப் போதும். கலர் போட்டவர்கள் முன்னாலேயே போகவேண்டி வரும்.

போவதாக இருந்தால் சில விவரங்கள். வண்டி நிறுத்த இடமில்லை, ஜெராக்ஸ் கடைக்காரர் முகம் சுளிப்பார். படி குறுகல், முட்டி வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாளுக்கு முந்தின தினம் போகவே போகாதீர்கள், கல்யாணப் பெண் வந்துவிட்டால் உங்களைப் பாதியில் உட்கார வைத்துவிடுவார்கள். தலையில் எண்ணெய் இல்லாமல், முந்தின நாள் குளித்துச் சிக்கெடுத்துவிட்டுப் போங்கள். எண்ணெய்த் தலையோடு போனால் கத்தரி ஒட்டும் என்று அக்கா உட்காரவே விடமாட்டார், "நாளைக்கு வாங்க" என்று படியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.