கடைப்பக்கப் படமும் விவரணையும்: ‘இருகடல்’ விளையாட்டை விற்கும் அனுபவம்

கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக்கடையான ஸ்டீம் கேட்கும் பட அளவுகளில் நான் அதிகம் உழைப்பது மிகச் சிறியதில்தான். 462×174 பிக்சலில் ஒரு படம் கொடுக்கிறோம். அதையே 120×45 வரை சுருக்கித் தேடல் பட்டியலில் காட்டுகிறார்கள். பெரிய படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்தச் சின்னப் படத்தைப் பார்த்துக் கை நிற்கவில்லை என்றால் யாரும் பக்கத்துக்குள் வரப்போவதில்லை. சில வருஷமாக ஸ்டீமிலும் கூகுள் பிளேயிலும் என் விளையாட்டின் பக்கத்தைப் பராமரித்து வருகிறேன். சின்னதாக விளையாட்டு செய்கிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

விளையாட்டைப் பற்றி முதலில். நான் ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்துக்காரன். எங்கள் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்பார்கள், தெற்கே இருப்பதை ஆண்கடல் என்பார்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை என்கிற வடகாற்று பிறந்தால் அப்படியே மாறும். ‘இருகடல்’ இதை வைத்துத்தான் ஓடுகிறது: காற்றைப் பார்த்து, இன்றைக்கு எந்தக் கரையில் வல்லத்தை, அதாவது படகை, இறக்குவது என்று ஆடுகிறவர் முடிவெடுக்க வேண்டும்.

படம் என்றதும் ஊரில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: பாம்பன் பாலத்தைப் போடு. ஆசை எனக்கும் உண்டு. 1914-ல் திறந்த பழைய பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலமும் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாலத்தை 120 பிக்சலில் வைத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு மிஞ்சும். அதோடு, பாலத்தைப் பார்க்கிறவர் இதை ரயில் விளையாட்டு என்று நினைத்து வருவார், ஏமாந்து போவார். ஆட்டத்தில் கை எதைச் செய்கிறதோ அதைத்தான் முகப்புப் படம் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதனால் முகப்பில் ஒரு வல்லம், அதன் அணியம், அதாவது முன்பக்கம், பார்க்கிறவரை நோக்கி. இடப்பக்கம் பச்சை கலந்த ஆழமில்லாத கடல், வலப்பக்கம் கருநீலம். சுருங்கிப்போனாலும் இரண்டு நிறம், ஒரு படகு என்பது தெளிவாகத் தெரிகிறது. புதுப் பாலத்தின் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி மேலே எழும் காட்சி ஸ்கிரீன்ஷாட்டில் வருகிறது. அங்கே 1920×1080 இடம் இருக்கிறது, பாலத்துக்கு அதுதான் சரியான இடம்.

படத்தை வரைந்து தந்த நண்பர் கடல் இல்லாத ஊர்க்காரர், நல்ல கைக்காரர். முதல் வரைவைப் போனில் என் தாய்மாமாவிடம் காட்டினேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிற சொந்தக்காரர்கள் கரையில் இருப்பார்கள் என்பதால் கருத்துக் கேட்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. மாமா விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “மாப்ள, பாய் இந்தப் பக்கம் புடைச்சு நிக்குது, அலை எதுக்கால வருது. இது கச்சானா வாடையா? ஒண்ணு சொல்லு” என்றார். காற்றை நம்பி நடக்கும் விளையாட்டின் முகப்பில் காற்றே தெளிவாக இல்லையென்றால் என்ன பயன்? அலையையும் பாயையும் ஒரே காற்றுக்கு மாற்றி வரையச் சொன்னோம். படத்துக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. படகு எங்கே போகிறது என்று கடலே தெரியாதவருக்கும் புரிகிறது.

ஏஐ வைத்து வரைந்தால் என்ன என்று கேட்கிறார்கள். நான் பார்த்தவரை அது தரும் படகுகளில் அணியம் எது, அமரம் (பின்பக்கம்) எது என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை. மேலும், விளையாட்டில் ஏஐ-யை எப்படிப் பயன்படுத்தினோம் என்று அறிவிக்க 2024 ஜனவரி முதல் ஸ்டீம் கேட்கிறது. அந்த அறிவிப்பு கடைப்பக்கத்திலேயே தெரியும். பணம் கொடுத்து ஓவியரை வைப்பதே மேல்.

அடுத்தது பெயர் எழுத்து. தமிழில் லோகோ வைப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். தடித்த எழுத்துரு பெரிதாக வைத்தால் கம்பீரமாக இருக்கும். சுருக்கினால் ‘இ’யின் சுழி அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாகிவிடும், ‘ல்’லின் புள்ளி காணாமல் போய் ‘இருகடல’ என்று நிற்கும். நான் கட்டமரான் எழுத்துருவை எடுத்தேன். அதில் 9 தடிமன் இருக்கிறது, இலவசம். நடுத்தரத் தடிமனில் எழுதி, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திருத்தக்கூடிய கோடுகளாக மாற்றி, சுழியின் உள்வெளியைக் கையால் அகலப்படுத்தினேன். புள்ளியை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கி, எழுத்தை விட்டுக் கொஞ்சம் மேலே தூக்கினேன். பெரிய அளவில் பார்த்தால் புள்ளி துருத்திக்கொண்டு தெரியும், அதனால் பெரிய படத்துக்குத் தனி லோகோ வைத்திருக்கிறேன். கீழே ஆங்கில எழுத்திலும் பெயர் உண்டு.

பெயரைத் தவிர வேறு எழுத்தை அந்தப் படங்களில் வைக்க முடியாது. 2022 செப்டம்பர் முதல் ஸ்டீமில் அது விதி: மதிப்பெண், விருது, தள்ளுபடி எதுவும் கூடாது. எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது. பெரிய கம்பெனிகள் மேற்கோள்களை அடுக்கிக் கண்ணைப் பறித்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது படம் மட்டும் பேசுகிறது.

விவரணைக்கு வருவோம். ஸ்டீமில் குறுவிவரணைக்குச் சுமார் 300 எழுத்து. நீண்ட விவரணை பக்கத்தில் வெகு கீழே இருக்கிறது, பாதிப் பேர் அங்கே போவதில்லை என்றே வைத்துக்கொண்டு எழுதுங்கள். “ராமேஸ்வரத்தின் அழகிய கடற்கரையில் மறக்க முடியாத பயணம்” என்ற மாதிரி வரிகளை நான் தொடுவதில்லை. சுற்றுலா வேனில் ஒட்டவேண்டிய வரி அது. என் முதல் வரி: “காற்று திரும்பினால் கடலை மாற்று.” அடுத்து வலை இழுப்பது, கரையில் ஏலம் விடுவது, கடனை அடைப்பது. எல்லாம் ஆடுகிறவர் செய்கிற வேலைகள். ஊரின் அழகைப் படங்கள் சொல்லிக்கொள்ளும்.

நான் பயன்படுத்திய காலம் முழுக்க ஸ்டீம் கடையின் மொழிகளில் தமிழ் இல்லை. அங்கே ஆங்கில விவரணைதான் வேலை செய்கிறது. கூகுள் பிளேயில் தமிழுக்குத் தனி விவரணையும் தனிப் படங்களும் ஏற்றலாம். அந்த வசதிக்காகவே பிளேயைப் பாராட்டுவேன். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. தலைப்புக்கு 30, குறுவிவரணைக்கு 80 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ‘கொண்டல்’ நமக்கு 4 எழுத்து, கணினிக்கு 7 குறியீடு. உயிர்மெய்யின் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன (‘கொ’வின் கொம்பும் காலும் சேர்ந்து ஒன்று). ஆங்கிலத்தில் எழுதியதை அப்படியே தமிழாக்கினால் இடம் போதாது. தமிழில் புதிதாக, சின்ன வினைச்சொற்களை வைத்து எழுதுவதுதான் வழி.

பிளேயில் இரண்டு ஐகான்களை ஒப்பிட்டுச் சோதிக்கும் வசதியும் இருக்கிறது. வருகை குறைவான விளையாட்டுக்கு முடிவு வர நெடுநாள் ஆகும். மிக வேறுபட்ட இரண்டு படங்களை வைத்தால்தான் ஏதாவது தெரியும், நிறத்தை லேசாக மாற்றிப் பார்ப்பது வீண். அதைவிட எனக்கு உதவியது வெயில். 512×512 ஐகானைப் போனில் ஏற்றி, மத்தியானம் கரையில் நின்று பார்ப்பேன். கணினித் திரையில் மர்மமாகத் தெரிந்த இரவுக்கடல் அந்த வெளிச்சத்தில் வெறும் கறுப்பு. நம்மூரில் போனை வெளியில் வைத்துப் பார்ப்பவர்கள்தான் அதிகம், அதனால் ஐகானில் பகல் கடலையே வைத்தேன்.

ஸ்டீமில் இப்படிப் படங்களைச் சோதிக்கும் வசதி கிடையாது. எத்தனை பேர் கண்ணில் பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்ற கணக்கு மட்டும் கிடைக்கும். படத்தை மாற்றிய தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் பார்த்தால் போதுமான தெளிவு கிடைக்கிறது. தள்ளுபடி நாட்களை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு: ஸ்டீமில் ஒரு விளையாட்டுக்கு 100 டாலர் கட்டணம், விற்பனை 1,000 டாலர் தொட்டால் அது திரும்பக் கிடைக்கும். வெளியிடும் முன் ‘விரைவில்’ பக்கம் குறைந்தது 2 வாரம் நிற்க வேண்டும் என்பது விதி. எனக்கு அது போதவே போதாது. முகப்புப் படம் தயாரான அன்றே பக்கத்தைத் திறந்துவிடுங்கள், விருப்பப்பட்டியலில் ஆள் சேர மாதக்கணக்கில் ஆகும்.