இழப்பீடு போதவில்லை: நாமே மனுச் செய்வதா, அடுத்தவர் தீர்ப்புக்குக் காத்திருப்பதா?

2013 நில எடுப்புச் சட்டத்தின்படி ஆட்சியர் நிர்ணயித்த தொகை போதாது என்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. 64-ஆம் பிரிவில் நாமே மனுக் கொடுத்து, விஷயத்தை ஆணையத்துக்கு (இழப்பீட்டுத் தகராறுகளை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் அமைப்பு) அனுப்பும்படி ஆட்சியரைக் கேட்கலாம். அல்லது அதே அறிவிக்கையில் நிலம் இழந்த வேறொருவர் ஆணையத்தில் கூடுதல் தொகை பெற்றால், 73-ஆம் பிரிவில் நமக்கும் உயர்த்தித் தரும்படி கேட்கலாம். (தேசிய நெடுஞ்சாலைக்குப் போன நிலத்துக்கு வழி வேறு, 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடுவரிடம் செல்ல வேண்டும்.)

காத்திருந்தால் செலவும் அலைச்சலும் குறைவு என்பது உண்மைதான். ஆனாலும் எங்கள் தோப்பு போனபோது 64-ஐத்தான் பிடித்தோம். காரணம் ஒன்றே: ஆதாரம். அவார்டு (ஆட்சியர் இழப்பீட்டை நிர்ணயித்துப் போடும் உத்தரவு) நகலில், காய்த்துக்கொண்டிருந்த தென்னைகளைக் கன்றுகள் என்று எழுதியிருந்தார்கள். பக்கத்து நிலத்துக்காரர் தன் புஞ்சைக்காக வழக்காடும்போது எங்கள் தென்னைக்காக யார் பேசுவார்? அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) நகலையும் மரங்களின் படங்களையும் நாங்கள்தான் வைக்க முடியும். நில விலையும் அப்படித்தான். முந்தைய மூன்றாண்டுக் கிரயப் பத்திரங்களில் விலை கூடிய பாதியை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும் என்கிறது 26-ஆம் பிரிவு. எந்தப் பத்திரம் விடுபட்டது என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடி நகல் எடுக்க அக்கறை வேண்டும். மதிப்புக்குச் சமமாக மேலும் ஒரு பங்கு, அதாவது 100 சதவீத ஆறுதல் தொகை, இருப்பதால், மதிப்பில் ஒரு ரூபாய் கூடினால் கைக்குக் குறைந்தது இரண்டு ரூபாய் வரும். அந்தத் தேடலை அடுத்தவர் கையில் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் வழக்கே போடாமலும் விடலாம்.

64-இல் கெடு கடுமையானது. அவார்டு அறிவிக்கும்போது நேரில் இருந்தவருக்கு ஆறே வாரம். பணம் வாங்கும் ரசீதில் 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று கட்டாயம் எழுதுங்கள். எழுதாமல் வாங்கினால் 77-ஆம் பிரிவு இந்த வழியை அடைத்துவிடும்.

73-ஆம் பிரிவில் நான் நேரடியாகப் போனதில்லை. படித்ததை வைத்தே சொல்கிறேன். 64-இல் மனுச் செய்யாதவருக்கு மட்டுமே அது திறந்திருக்கிறது. ஆட்சேபணை எழுதாமல் கையெழுத்துப் போட்டவர்களுக்கு அதுவே நம்பிக்கை: பழைய சட்டத்தில் இதற்கு இணையான 28ஏ பிரிவுக்கு, ஆட்சேபணையுடன் வாங்கினாரா இல்லையா என்பது பொருட்டல்ல என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆணையத்தின் தீர்ப்பிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். தீர்ப்பு நகல் பெற ஆகும் நாட்கள் அதில் சேராது. ஆகவே நகலுக்கு விண்ணப்பித்த தேதிக்கும் கிடைத்த தேதிக்கும் சான்று வைத்துக்கொள்ளுங்கள்.