வண்டி மேல கேரியர் போட்டாச்சு, அதுல இருக்கிற சாமானை எடுக்கிறது எப்படி? ஆறு வருஷ அனுபவம்

கேரியர் மாட்டினது 2019 தை மாசம். அதுக்கு முந்தின நவம்பர் 16 விடியகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறுனப்போ, எங்க ஊர்லேருந்து (மன்னார்குடிக்குத் தெக்க) மெயின் ரோடு வரைக்கும் தென்னையும் புளியும் குறுக்க விழுந்து கெடந்துச்சு, அரிவாளுக்கு ஒரு வீடு வடத்துக்கு ஒரு வீடுன்னு அலைஞ்சோம். அன்னிக்கே முடிவு பண்ணினேன், இதெல்லாம் இனி வண்டியிலயே கெடக்கணும்னு. உள்ள இடமில்ல, பசங்க சைக்கிளும் ஆஸ்பத்திரிக்குப் போற அம்மாவும் அந்த ஃபோர் வீல் டிரைவ்லதான், அதனால மேல ஏத்திட்டேன். வண்டி எதுன்னு சொல்லல, சொன்னா வண்டியப் பத்திதான் சண்டை வரும்.

ஏத்துனது சுலபம், எடுக்கிறதுதான் கூத்து. ஜிம்னி மாதிரி 1720 மில்லிமீட்டர் உயரம்னா கீழ நின்னே எட்டிரும், பொலிரோவே 1880. என்னோடது கேரியரோட சேத்து 7 அடி 2 அங்குலம், நான் 5 அடி 4. இந்த 7 அடி 2ஐ டேஷ்போர்டுல பெயின்ட்ல எழுதி வச்சிருக்கேன், ரயில்வே கீழ்ப்பாலத்துக்கும் தெருவுல தாழ்வா தொங்குற ஒயருக்கும்.

மொதல்ல போட்டது பின் கதவுல ஏணி. பாக்க ஜோரா இருந்துச்சு, சொந்தக்காரங்க எல்லாம் அதுல நின்னு போட்டோ எடுத்தாங்க. ஆனா அது பக்கவாட்டுல திறக்குற கதவு, ஏற்கனவே ஸ்டெப்னியத் தூக்கிட்டு நிக்குது, அதுல 78 கிலோ ஆளு தொங்கினா கீல் என்ன ஆகும்? ஒரே வருஷத்துல கதவு எறங்கிருச்சு, மூடும்போது தூக்கித் தூக்கி மூடணும், கப்பி ரோட்டுல கடகடன்னு சத்தம் வேற. தப்பு வண்டி மேல இல்ல, கதவுல மாட்டச் சொன்ன என் மேலதான். கழட்டி, பாடியிலயும் பம்பர்லயும் பிடிக்கிற மாதிரி வெல்டிங் பட்டறையில மாத்தினேன், இன்னைக்கு வரைக்கும் ஆடல. ஆனா ஏணி பின்னாடி, நமக்கு வேண்டிய சாமான் எப்பவும் முன்னாடி! மேல ஏறி நடக்கணும், சித்திரை வெயில்ல கேரியர் கம்பி தோசைக்கல்லுதான்.

அடுத்தது வீட்டுல கெடந்த மூணு படி அலுமினிய மடக்கு ஏணி. சிமெண்ட் தரையில அருமை. ஒரு ஐப்பசில, தாளடி நடவு நேரம், கோரையாத்துக் கரையில வண்டி பொதைஞ்சுருச்சு. நம்ம களிமண்ணு தெரியும்ல, காலை வச்சா செருப்ப அது வாங்கிக்கும். டயருக்கு அடியில போட ரெண்டு பலகை கேரியர்ல இருக்கு, ஏணியப் போட்டு ஏறுனா ஏணியோட ஒரு கால் மட்டும் சேத்துல எறங்குது. ஏணிக்கு அடியில பலகை வச்சாத்தான் நிக்கும், பலகை மேல இருக்கு. மச்சினன் வரப்புல உக்காந்து சிரிக்கிறான், "அத்தான், பலகைய எடுக்கப் பலகை வேணும்போல". கோவத்துல டயர் மேல கால வச்சு எம்பினேன், முழங்கால் வரைக்கும் சேறு, வழுக்கி முழங்காலுக்குக் கீழ எலும்பு நேரா ஃபுட்போர்டுல. தழும்பு இன்னும் இருக்கு.

அப்புறம் டயர்ல மாட்டுற மடக்குப் படி வாங்கினேன், டயரக் கவ்விக்கிட்டு நிக்கும், தரையத் தொடாது, அதனால சேறு பிரச்சினையே இல்ல, ரெண்டு காலையும் வச்சு நிதானமா நிக்கலாம். எனக்குப் பிடிச்சது இதுதான். ரெண்டு விஷயம் மட்டும், டயருக்கும் மட்கார்டுக்கும் இடைவெளி கம்மியா இருக்கிற வண்டிக்கு நுழையாது, ஹேண்ட்பிரேக்கும் கியரும் போடாம ஏறாதீங்க, நம்ம கனத்துல சக்கரம் உருளும். கோடியக்கரையில பறவை பாத்துட்டு திரும்புற அவசரத்துல படியக் கழட்டாமயே வண்டிய எடுத்துட்டேன், டமார்னு ஒரு சத்தம், அத்தோட அது போச்சு.

இப்ப கைவசம் இருக்கிறது கதவுப் படி, உள்ளங்கை அளவு. கதவத் திறந்தா தூண்ல யூ மாதிரி ஒரு லாக் கொக்கி இருக்கும்ல, அதுல மாட்டுறது. கதவையே இழுத்துப் பிடிக்கிற கொக்கி, தாங்குமான்னு பயப்பட வேணாம். ரப்பர் இருக்கிற பக்கம் பாடியில சரியா படியணும், இல்லன்னா பெயின்ட்ல கோடு விழும். ஒத்தக்கால்லதான் நிக்க முடியும், ஒரு கை கேரியரப் பிடிச்சுக்கும், மிச்சம் ஒரு கைதான் வேலைக்கு. மழையில கதவத் திறந்து வச்சா சீட்டு நனையும், கருவ முள்ளு அடைச்ச கரையில கதவே முழுசாத் திறக்காது. இவ்வளவு குறை சொன்னாலும் டேஷ்போர்டு டப்பாவுக்குள்ள அடங்குது பாருங்க, அதனால எப்பவும் கூட இருக்கு.

உண்மையில உதவுனது அடுக்குற விதத்த மாத்துனதுதான். பலகை, மண்வெட்டி, வடம் மூணும் இடது ஓரத்துல, டிரைவர் கதவுக்கு எதிர்ப்பக்கம், ரோட்டுல வண்டி போயிட்டிருந்தாலும் பாதுகாப்பா நின்னு எடுக்கலாம். டென்ட், தார்ப்பாய் மாதிரி என்னைக்காவது வேண்டியது நடுவுல. ஜாக்கி, டீசல் கேன் கீழ எறங்கிருச்சு, சரிவான வாய்க்கா கரையில மேல கனம் இருந்தா வண்டி சாயுறது வயித்தக் கலக்கும். கூரை இவ்வளவு கிலோ தாங்கும்னு மேனுவல்ல போட்டிருக்கிறதுல கேரியரோட கனமும் சேத்திதான், இரும்புக் கேரியர்னா அதுவே பாதியத் தின்னுரும். கட்டுறது வைக்கோல் ஏத்துறவங்க போடுற உருவு முடிச்சு, முடிச்சு ஜன்னல் உயரத்துல வர்ற மாதிரி, கீழ நின்னே ஒரு இழு, அவுந்துரும். ராட்செட் பெல்ட் (பல்சக்கரத்தால இறுக்குற பட்டை) வச்சிருந்தேன், வேதாரண்யம் உப்புக்காத்துல பல்லு துருப்பிடிச்சு ஒருநாள் ஆக்சா பிளேடு போட வேண்டியதாப் போச்சு. போல்ட்டெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா மாத்திருங்க, கடலோரம் போறவங்க.

போன மாசம் நான் படியத் தேடிக்கிட்டு இருக்கும்போது வீட்டுக்காரம்மா கொல்லையில முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டிய எடுத்துட்டு வந்து, கேரியர்ல கெடந்த பையோட வாரைக் கொக்கியில மாட்டி ஓரத்துக்கு இழுத்து, கையில பிடிச்சு உள்ள போட்டுட்டா. அரை நிமிஷம் இருக்கும். நாலடிக்கு நறுக்குன மூங்கில் தொரட்டி ஒண்ணு இப்ப கேரியர் ஓரமா கட்டிக் கெடக்கு, அதோட முடிச்சும் ஜன்னல் உயரத்துலதான்.