லட்சுமி விலாஸ் கணக்கை மூடலாமா? டிபிஎஸ் ஆன பிறகு ஒரு பார்வை

பழைய லட்சுமி விலாஸ் வங்கிக் கணக்கு ஒன்று சும்மா கிடக்கிறது, வைத்துக்கொள்வதா மூடுவதா என்று நண்பர் கேட்டார். யோசித்தால் எரிச்சல்தான் முன்னால் வருகிறது.

விலாஸ் என்றால் பாதிப் பேருக்கு இட்லி, சாம்பார்தான் ஞாபகம் வரும். இருந்தாலும் 1926 முதல் கரூரில் நின்ற பெயர். 2020 நவம்பர் 27-ல் சிங்கப்பூர் வங்கியான டிபிஎஸ்ஸின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைப்பு நடந்து, அந்த இடத்துக்கு டிபிஎஸ் என்ற மூன்றெழுத்து வந்தது. டிசிபி என்று இன்னொரு வங்கி வேறு இருக்கிறது. கவுன்டரில் சொன்னால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்பார்கள்.

போர்டு மாறியதோடு போயிருந்தால் பரவாயில்லை. தலைவலி ஐஎஃப்எஸ்சி-யில், அதாவது பணம் அனுப்பும்போது கேட்கும் வங்கிக் கிளையின் கோடில் (code). அந்தப் பதினொரு இலக்கத்தில் முதல் நான்கு வங்கியின் எழுத்துகள், ஐந்தாவது பூஜ்யம், மீதி ஆறு கிளைக்கு. எல்ஏவிபி என்று தொடங்கியது டிபிஎஸ்எஸ் ஆனது. முதல் நான்கை மட்டும் மாற்றி நீங்களே எழுதிவிடாதீர்கள். கிளையின் ஆறு இலக்கத்தையும் புதிய செக் புத்தகத்தைப் பார்த்து எழுதுங்கள். பழைய கோடு 2022 பிப்ரவரி 28 வரை ஓடியது. பதினைந்து மாத அவகாசம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்குள் எங்கெங்கே எழுதிக் கொடுத்தோம் என்பதே மறந்துபோனது.

மாதாமாதம் வரும் பணம் நின்றால் உடனே தெரிந்துவிடும். எப்போதோ ஒருமுறை வருவதில்தான் வினை. எல்ஐசி முதிர்வுத் தொகை பழைய கோடுக்குப் போனால் திரும்பிவிடும். கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பச் சொல்லும் நெஃப்ட் படிவத்தோடு, பெயர் அச்சிட்ட புதிய செக்கை ரத்து செய்து எல்ஐசி கிளையில் கொடுக்க வேண்டும். வருமான வரி ரீஃபண்டுக்கு, தளத்தில் வங்கிக் கணக்குப் பகுதியில் கோடை மாற்றி மறுபடி சரிபார்க்க வேண்டும். பி.எஃப்.-க்கு யுஏஎன் (பி.எஃப். உறுப்பினர் எண்) தளத்தில், கேஒய்சி என்ற அடையாள விவரப் பகுதியில் மாற்ற வேண்டும். கடனுக்கு ஈடாகக் கொடுத்து வைத்த பின்தேதி செக்குகளையும் மாற்றித்தான் ஆக வேண்டும். செக்கின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக அச்சிட்டிருக்கும் ஒன்பது இலக்க எம்ஐசிஆர் எண்ணில் நடு மூன்று வங்கியுடையது, அதுவும் மாறிவிட்டது. கேஸ் மானியம் மட்டும் தப்பித்தது. அது ஆதார் இணைப்பு வழியாக வருவதால் ஐஎஃப்எஸ்சி-யைத் தேடுவதே இல்லை.

நியாயமும் சொல்ல வேண்டும். இணைப்புக்கு முன், அந்த நவம்பர் 17-ல் லட்சுமி விலாஸ் வங்கிக்குத் தடை போட்டு, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். பத்தே நாளில் அது நீங்கியது. டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. டிபிஎஸ் உள்ளே போட்டது 2,500 கோடி. பங்கு வைத்திருந்தவர்களுக்குத்தான் முழு நாமம். வங்கி வெளியிட்டிருந்த 318 கோடி ரூபாய் கடன் பத்திரங்களும் அதோடு போயின. அவர்களிடம் போய் ஐஎஃப்எஸ்சி கஷ்டத்தைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

ஆக, கணக்கில் உள்ள பணம் பத்திரமாக இருக்கிறது. மூடக் காரணமே இல்லை. ஆனாலும் மூடிவிடுங்கள் என்பேன். ஒரே கணக்குக்கு இரண்டு பெயர், இரண்டு கோடு என்று ஃபைல் சுமப்பது போதும். ஒன்று மட்டும்: எல்ஐசி-யிலும் பி.எஃப்.-இலும் வேறு கணக்கைப் பதிந்து, அது ஏறிவிட்டதைப் பார்த்த பிறகு மூடல் படிவத்தைக் கொடுங்கள்.