6,800 ரூபாய் சென்ட்டும் எங்கள் வீட்டு பீரோ மேல் போட்ட பழியும்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை பக்கம் சென்ட் வாங்கப் போகிறவர்கள், முக்கியமாகக் கல்யாணச் சீருக்கு வாங்குகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். 6,800 ரூபாய் போயிருக்கிறது. கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

தங்கச்சி கல்யாணம். மாப்பிள்ளைத் தட்டில் வாட்சோடு நல்ல சென்ட் ஒன்றும் வைக்கலாம் என்று வீட்டில் பேச்சு. மேலப்பாளையத்தில் அத்தர் வாங்கலாம் என்றேன். "அவர் துபாயில இருந்தவரு, ஸ்பிரேதான் அடிப்பாரு" என்றாள் தங்கச்சி. சரி என்று, கண்ணாடியும் விளக்குமாக ஜொலிக்கிற ஒரு வெளிநாட்டு சென்ட் கடைக்குப் போனேன்.

"வாங்க தம்பி, கல்யாணத்துக்கா?" என்று முதலாளியே எழுந்து வந்தார். மேஜை டிராயரிலிருந்து டெஸ்டர் பாட்டிலை எடுத்து என் மணிக்கட்டில் அடித்தார். நார்த்தங்காய்த் தோலை நகத்தால் கீறியது மாதிரி ஒரு வாசனை. நன்றாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள் பாடம்: "இது வெயில் ஆகாத சரக்கு பாத்துக்கிடுங்க. பாத்ரூம்ல வைக்கக் கூடாது, ஜன்னல் பக்கம் வைக்கக் கூடாது. டப்பாவோட பீரோவுக்குள்ள வச்சிட்டா வருஷக் கணக்கா அப்படியே இருக்கும்."

அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. சென்ட்டுக்கு எதிரி வெளிச்சம், சூடு, காற்று மூன்றும்தான். வெளிச்சம் வாசனைப் பொருள்களைச் சிதைக்கும், சூடு அதை வேகப்படுத்தும், பாட்டிலுக்குள் புகுந்த காற்று மீதியைக் கெடுக்கும். எலுமிச்சை வகை வாசனைதான் முதலில் போகும். சந்தனம், ஊது என்கிற அகில் மாதிரி கனமான வாசனைகள் கொஞ்ச காலம் தாங்கும். இதெல்லாம் தெரிந்த மனுஷன் தன் சரக்கை ஒழுங்காக வைத்திருப்பார் என்றுதானே யாருக்கும் தோன்றும்? அவர் எனக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே கடைப் பையன் ஷோகேஸிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, "கிஃப்ட் பேக் பண்ணிடுதேன் அண்ணே" என்று ஜிகினா தாளைச் சுற்றி ரிப்பனும் கட்டிவிட்டான். ஜிபேயில் 6,800 ரூபாய் போட்டேன்.

மறுவீட்டுக்கு வந்தபோது தங்கச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணே, அந்த சென்ட்ட அடிச்சா நெயில் பாலிஷ் வாடை வருது. அவுக ஒண்ணும் சொல்லல, அத்தைதான் மூஞ்சியச் சுளிச்சாக." எங்கள் வீட்டிலும் பீரோவுக்குள் இருந்து தட்டுக்குப் போனது, அங்கேயும் பீரோவுக்குள்தான் இருந்திருக்கிறது. டப்பாவோடு வாங்கி வந்து வெளிச்சத்தில் பார்த்தேன். டப்பாவின் ஒரு பக்கம் கருநீலம், எதிர்ப்பக்கம் வெளுத்துச் சாம்பல். அடியில் இறக்குமதியாளர் பெயரும் மாதமும் வருஷமும் இருக்க வேண்டிய இடத்தில் கடையின் விலை ஸ்டிக்கர். அதைச் சுரண்டினால் கீழே எழுத்தே இல்லை, தேய்த்து எடுத்திருக்கிறார்கள். டெஸ்டரில் வெளிர் மஞ்சளாக இருந்த திரவம் இதில் டீ நிறம்.

கடைக்குப் போனேன், மதியம் மூன்று மணி வாக்கில். மேற்குப் பார்த்த கடை. நம்மூர் வெயில் ஷோகேஸுக்குள் நேராக விழுந்துகொண்டிருந்தது, மேலே மஞ்சள் விளக்கு வேறு. அந்த வரிசையிலிருந்த டப்பாக்கள் எல்லாம் ஒரு பக்கம் வெளுத்துத்தான் நிற்கின்றன.

முதலாளி முகம் மாறவில்லை. "நீங்க வீட்டுல எங்க வச்சீங்க தம்பி?" பீரோவில் என்றேன். "பீரோ எந்தச் சுவர் பக்கம்? வெயில் அடிக்கிற சுவரா இருக்கும்." பீரோவுக்குள் சில நாள் இருந்த சென்ட் டீ நிறமாகுமா ஐயா! அதைச் சொன்னதும், "வெனிலா போட்ட சென்ட் கறுக்கத்தாம் செய்யும்" என்றார். அதுவும் உண்மைதான், வெனிலா கலந்தவை கெடாமலேயே கறுக்கும். ஆனால் நான் வாங்கியது எலுமிச்சை வாசனை, அதே சென்ட்டின் டெஸ்டர் அவர் டிராயரில் வெளிர் மஞ்சளாகக் கிடக்கிறது. காட்டுங்கள் என்றேன், டிராயரைப் பூட்டிவிட்டார்.

அடுத்த தடவை, "முதலாளி மெட்ராஸ் போயிருக்காரு." அதற்கப்புறம், "கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கோம்." வாட்ஸப்பில் போட்டோ அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. கடைசியாகப் பையன்தான் பில்லைத் திருப்பிக் காட்டினான்: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.' அந்த பில்லின் முன்பக்கம் என்ன இருக்கிறது தெரியுமா? 'சென்ட் 1 - 6,800'. அவ்வளவுதான். என்ன சென்ட் என்றுகூட இல்லை.

பில்லில் அப்படி அச்சடித்துவிட்டால் மட்டும் கடைக்காரர் தப்பித்துவிட முடியாது. பழுதான பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிந்துவிட்டேன். அதில் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

வீட்டில் சென்ட் கெடாமல் வைப்பது எப்படி என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள், அதற்குள்ளேயே வையுங்கள். கார் டேஷ்போர்டில் வைக்கவே வைக்காதீர்கள். சின்ன பாட்டிலுக்கு மாற்றி மாற்றி ஊற்றாதீர்கள். பாதிக்கு மேல் தீர்ந்ததை விசேஷத்துக்கென்று சேர்த்து வைக்காமல் அடித்துத் தீர்த்துவிடுங்கள்.

வாங்கும்போது ஷோகேஸ் சரக்கு வேண்டாம், உள்ளேயிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். டப்பா அடியிலும் பாட்டில் அடியிலும் உள்ள பேட்ச் எண் ஒன்றுதானா பாருங்கள். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அங்கேயே உரிக்கச் சொல்லுங்கள். பில்லில் சென்ட் பெயரை எழுதி வாங்குங்கள். கிஃப்ட் தாளை வீட்டில் வந்து சுற்றிக்கொள்ளலாம், பத்து ரூபாய்தான்.

கடைப் பெயர் கேட்காதீர்கள், புகார் போய்க்கொண்டிருக்கிறது. 6,800 ரூபாயில் ஒரு ரூபாய் இன்னும் வரவில்லை.