ஊருக்குள் யாரை அனுப்புவது: ராணுவமா, சிஆர்பிஎஃப்பா, மாநிலப் போலீஸா?

இந்தியாவில் ராணுவம் ஊருக்குள் வரச் சட்டத்தில் இரண்டு வாசல்கள் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் ‘ராணுவத்தைக் கூப்பிடலாமா, கூடாதா’ என்ற சண்டை எங்கும் போய்ச் சேருவதில்லை.

முதல் வாசல், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148 முதல் 150 வரையுள்ள பிரிவுகள். கூட்டத்தைக் கலைக்க முதலில் போலீஸ் முயல வேண்டும். முடியாதபோது மாவட்ட நடுவர், அதாவது கலெக்டர், அல்லது அவர் அதிகாரம் கொடுத்த நிர்வாக நடுவர் அந்த இடத்தில் இருந்துகொண்டு ராணுவ அதிகாரியிடம் கேட்க வேண்டும். எப்படிக் கலைப்பது என்பது அதிகாரியின் முடிவு. ஆனால் ஆளுக்கும் பொருளுக்கும் ஆன மட்டும் குறைந்த சேதமே ஆக வேண்டும் என்று சட்டமே கட்டுப்போடுகிறது. நடுவரைத் தொடர்புகொள்ள வழியே இல்லாவிட்டால்தான் அதிகாரி தானாக இறங்கலாம். தொடர்பு கிடைத்ததும், தொடர்வதா நிறுத்துவதா என்பது மறுபடி நடுவர் கைக்குப் போய்விடும். வேலை முடிந்தால் படை முகாமுக்குத் திரும்பிவிடும்.

இரண்டாவது வாசல், 1958-இன் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம். ஆளுநரோ மத்திய அரசோ ஓர் இடத்தைப் பதற்றமான பகுதி என்று அறிவித்துவிட்டால், ஒவ்வொரு முறையும் நடுவரைக் கேட்க வேண்டியதில்லை. தடையை மீறி ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடினாலும், ஆயுதம் வைத்திருந்தாலும், எச்சரித்துவிட்டு உயிர் போகும் அளவுக்குச் சுடும் அதிகாரம் ஹவில்தார், நாயக் போன்ற கீழ்நிலை அதிகாரிகள் மட்டம்வரை இறங்குகிறது. 6-ஆம் பிரிவின்படி மத்திய அரசின் அனுமதி இல்லாமல் வழக்கு நடத்த முடியாது. அறிவிப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடைமுறையில் அது ஆறு மாதத்துக்கு ஒரு நீட்டிப்பு ஆணையாகச் சுருங்கிவிட்டது.

ராணுவத்துக்கும் போலீஸுக்கும் உள்ள பயிற்சி வேறுபாட்டுக்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று போதும். 1992 லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தின்போது காம்ப்டனில் ஒரு வீட்டுத் தகராறு; போலீஸுடன் அமெரிக்க ராணுவத்தின் மரைன் படை வீரர்களும் போயிருந்தார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து சுட்டதும் போலீஸ்காரர் ‘கவர் மீ’ என்று கத்தினார். போலீஸுக்கு அதன் பொருள், துப்பாக்கியோடு தயாராக நில் என்பது. மரைனுக்கோ, நான் நகரும்வரை சுட்டுக்கொண்டே இரு என்பது. 200-க்கும் மேற்பட்ட குண்டுகள் வீட்டுக்குள் பாய்ந்தன. உள்ளே குழந்தைகள் இருந்தார்கள். யார் மேலும் படாதது அதிர்ஷ்டம்.

அதனால் ராணுவம் வேண்டாம், மத்திய அரசின் ரிசர்வ் போலீஸ் படையான சிஆர்பிஎஃப் போகட்டும் என்பது எளிது. கம்பெனி கம்பெனியாகப் பிரித்துத் தேர்தலுக்கும் பந்தோபஸ்துக்கும் அலைக்கழிக்கும் படையைக் காட்டுக்குள் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2010 ஏப்ரல் 6, சத்தீஸ்கரின் தாட்மேட்லாவில் மாவோயிஸ்டுகள் நடத்திய தாக்குதல் சாட்சி: 76 பேர் பலி, ஒருவரைத் தவிர எல்லோரும் சிஆர்பிஎஃப். காட்டுப் போருக்கென்றே சிஆர்பிஎஃப்புக்குள் 2008-இல் கோப்ரா பிரிவைத் தொடங்கியும் நிலைமை இதுதான். ஆந்திரம் 1989-இல் மாநிலப் போலீஸிலிருந்தே மாவோயிஸ்டுகளுக்கு எதிராக உருவாக்கிய கிரேஹவுண்ட்ஸ் படை இதைவிடத் திறமாகச் செயல்பட்டது. சிறு குழு, உள்ளூர் மொழி, சொந்த உளவுத் தகவல். போலி என்கவுன்டர் புகார்களும் அதன்மேல் உண்டு. அதை மறைத்துப் புகழ முடியாது.

இன்னொரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. சிறப்பு அதிகாரச் சட்டத்தில் ‘ஆயுதப்படை’ என்றால் ராணுவம் மட்டுமல்ல, ஒன்றியத்தின் மற்ற ஆயுதப்படைகளும்தான். சீருடையை மாற்றினாலும் 6-ஆம் பிரிவு கூடவே வரும்.

அதன் விலையை இரண்டு வழக்குகள் காட்டும். 2021 டிசம்பரில் நாகாலாந்தின் ஓட்டிங்கில் சுரங்க வேலை முடித்து வீடு திரும்பிய ஆறு பேரை ராணுவச் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. போலீஸ் வழிகாட்டி யாரும் கூட இல்லை. மாநிலப் போலீஸ் 30 பேர் மீது குற்றப்பத்திரிகை போட்டது. மத்திய அரசு அனுமதி மறுத்தது. தருமபுரி வாச்சாத்தியில் 1992-இல் பழங்குடி மக்களுக்குக் கொடுமை செய்தவர்கள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள். உயர் நீதிமன்றம் சிபிஐயிடம் கொடுத்த பிறகுதான் வழக்கு நகர்ந்தது, 19 ஆண்டுகள் இழுத்தது. ஆனாலும் 2011-இல், இறந்துபோன 54 பேர் நீங்கலாக, குற்றம் சாட்டப்பட்ட 215 பேருக்கும் தண்டனை கிடைத்தது. போலீஸ் நல்லவர்கள், ராணுவம் கெட்டவர்கள் என்பதல்ல விஷயம். சாதாரண நீதிமன்றத்தின் கை எதுவரை எட்டும் என்பதுதான்.

எங்கள் தேர்வு இது: சில நாள் கலவரத்துக்கு முதல் வாசல், கலெக்டர் கேட்டு ராணுவம் வரட்டும். ஆண்டுக்கணக்கில் நீளும் கிளர்ச்சிக்கு மாநிலப் போலீஸிலிருந்து பயிற்சி பெற்ற தனிப்பிரிவு. இரண்டாவது வாசலை மூடலாம். 2005-இல், அந்தச் சட்டத்தை ஆராய மத்திய அரசு அமைத்த ஜீவன் ரெட்டி குழுவும் அதை நீக்கவே பரிந்துரைத்தது.

ராணுவத்துக்கும் போலீஸுக்கும் நடுவில் தொங்குவது, வடகிழக்கில் இயங்கும் மத்திய படையான அசாம் ரைஃபிள்ஸ். நிர்வாகம் மத்திய உள்துறையிடம், களக் கட்டளை ராணுவத்திடம், அதிகாரிகள் பெரும்பாலும் ராணுவத்திலிருந்து வருபவர்கள். 1,643 கிலோமீட்டர் மியான்மர் எல்லையையும் காக்கிறது, மணிப்பூர் தெருவிலும் நிற்கிறது. எல்லையில் நிற்கும் பட்டாலியன்களை ராணுவத்திடமும், ஊருக்குள் இருப்பவற்றை உள்துறையிடமும் முழுதாகக் கொடுத்துவிடுவது நல்லது.