முசாபர்நகர் பைபாஸில் ஒரு சைவ தாபா: ரொட்டியும் பெயர்ப்பலகையும்

மதிப்பெண்: ஐந்துக்கு நாலரை.

டெல்லியிலிருந்து ஹரித்வார் போகும் நெடுஞ்சாலையில், உத்தரப் பிரதேசத்தில் கத்தௌலி தாண்டி முசாபர்நகர் பைபாஸ் ஓரத்தில் இருக்கும் சுத்த சைவ தாபா இது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. தனியாகக் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். மேப்பில் இந்தக் கடைக்கு விழுந்திருக்கும் ஒற்றை நட்சத்திரங்களைப் படித்தால் காரணம் புரியும். அவற்றில் பல, பருப்பு எப்படி, பில் எவ்வளவு என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. முதலாளி ஒரு முஸ்லிம் என்பதை மட்டும் சொல்கின்றன. நான் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவள். அதனால் சாப்பாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தந்தூர் ரொட்டி சூடு ஆறுவதற்குள் மேஜைக்கு வந்துவிடுகிறது. ஓரம் முறுகலாக, நடுவில் மெத்தென்று, இழுத்தால் ரப்பராக நீளாமல் பிய்கிறது. கறுப்பு உளுந்தை முந்தின ராத்திரியே அடுப்பில் ஏற்றிவிடுவார்களாம். முதல் வாயிலேயே அது தெரிகிறது. மேலே க்ரீமை ஊற்றிக் குறையை மறைக்கும் வேலை இல்லை. ஆலு பராட்டாவுக்கு வெள்ளை வெண்ணெய், கேட்காமலே இரண்டாவது உருண்டை. அம்மா வெங்காயம், பூண்டு தொடமாட்டார். அதற்கென்று மெனு அட்டையில் தனிப் பக்கமும், சமையலறையில் தனி வாணலியும் வைத்திருக்கிறார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அந்த வாணலியைத் தூக்கி அம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் சமையல்காரர் அடுப்பில் வைத்தார். வெந்தயம் தாளித்த மஞ்சள் பூசணி சப்ஜி வந்தது. வெளியூரில் எதையும் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடாத அம்மா, “இன்னும் ஒரு ரொட்டி கேளுடி” என்றார். முசாபர்நகர் கரும்புச் சீமை, வெல்ல மண்டிக்குப் பேர்போன ஊர். டீயை வெல்லம் போட்டுக் கேட்டு வாங்குங்கள்.

பெண்கள் கழிவறையில் தண்ணீர் வருகிறது, தாழ்ப்பாள் இருக்கிறது, தரை உலர்ந்திருக்கிறது. குடும்பத்தோடு இந்தச் சாலையில் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இனி பலகை. கல்லாவுக்கு மேலே சைவத்துக்கான பச்சைப் புள்ளி, பக்கத்தில் சட்டம் போட்ட எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமம். இரண்டுக்கும் கீழே, விலைப்பட்டியலைவிடப் பெரிதாக ஒரு ஃப்ளெக்ஸ்: முதலாளியின் முழுப் பெயரும் செல்போன் எண்ணும். 2024 ஜூலையில் வந்தது அது. ஆடி மாதத்தையொட்டி அங்கே கான்வர் யாத்திரை நடக்கும். லட்சக்கணக்கான சிவபக்தர்கள் ஹரித்வாரில் கங்கை நீர் எடுத்து, காவடியில் சுமந்து ஊருக்கு நடப்பார்கள். அந்த ஆண்டு யாத்திரைக்கு முன்பாக, வழியில் உள்ள உணவுக்கடைகள் எல்லாம் உரிமையாளர் பெயரை எழுதிவைக்க வேண்டும் என்று முசாபர்நகர் போலீஸ் சொன்னது. சில நாளிலேயே உத்தரப் பிரதேச அரசு அதை யாத்திரை வழி முழுவதற்கும் விரித்தது. ஜூலை 22 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. என்ன வகை உணவு என்று எழுதினால் போதும், உரிமையாளர், வேலையாட்கள் பெயரை எழுதக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது.

தடை வந்த பிறகும் ஏன் கழற்றவில்லை என்று முதலாளியிடம் கேட்டேன். அறுபது வயதிருக்கும், அம்மாவை “மாதாஜி” என்றுதான் கூப்பிட்டார். “கழற்றினால் மறைத்துவிட்டான் என்பார்கள். இருந்தால் வண்டி நிற்காமல் போகும். போகிற வண்டி போகட்டும் மகளே, பொய்யன் என்ற பெயர் வேண்டாம்” என்றார். ரொட்டி போடுபவர் அவருடைய அக்கா மகன். அந்த யாத்திரை முடியும்வரை அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று இவரே வீட்டில் உட்கார வைத்துவிட்டாராம். சப்ஜி செய்பவர் உத்தராகண்டின் கட்வால் மலைப்பக்கத்து இந்து. பத்து வருஷத்துக்கு மேலாக இருவரும் ஒரே அடுப்படியில் நிற்கிறார்கள்.

விரதம் இருந்து நடந்து வருகிறவருக்கு, தட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முழு உரிமை உண்டு. என் அம்மாவும் கேட்டுத்தான் சாப்பிடுகிறார். அதைச் சொல்லத்தான் பச்சைப் புள்ளி இருக்கிறது, 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2023 நவம்பரில் இதே மாநில அரசு ஹலால் முத்திரை போட்ட பொருள்களுக்குத் தடை போட்டபோது சொன்ன காரணம், உணவின் தரத்தை முடிவு செய்யும் அதிகாரம் அந்தச் சட்டப்படி அமைந்த அதிகாரிகளுக்கு மட்டுமே என்பதுதான். எட்டு மாதத்தில் அந்த நியாயம் எங்கே போயிற்று? ஒருவர் பெயர் பருப்பில் கலக்கும் பொருளா?

தமிழ்நாட்டில் வளர்ந்த எனக்கு இந்தப் பலகை கூடுதலாக உறுத்துகிறது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கஃபே பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அழிக்கச் சொல்லிப் பெரியார் மாதக்கணக்கில் மறியல் நடத்தினார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். சாப்பாட்டுக் கடை வாசலில் பிறப்பை எழுதிவைக்காதே என்று அவ்வளவு பேர் ஜெயிலுக்குப் போன நாட்டில், எழுதித்தான் தீர வேண்டும் என்று 2024-இல் போலீஸ் சொன்னது. மதச்சார்பின்மை என்றால் மேடையில் பேசுகிற பெரிய கொள்கை என்றே பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது இவ்வளவுதான்: கடை திறக்கிறவனிடம் அரசாங்கம் உரிமத்தைக் கேட்கலாம், சுத்தத்தைக் கேட்கலாம், வரியைக் கேட்கலாம். நீ எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று ஊருக்குக் காட்டச் சொல்லக் கூடாது.

இது வேறு ஊராக இருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் முஸ்லிம்கள். 2013 இந்து-முஸ்லிம் கலவரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பல்லாயிரம் பேர் வீட்டை விட்டு ஓடினார்கள். ஒரே வயலில் கரும்பு வெட்டியவர்கள் பிரிந்தார்கள். 2021 செப்டம்பரில் இதே முசாபர்நகரில் நடந்த விவசாயிகள் மகாபஞ்சாயத்தில் (பெருங்கூட்டத்தில்) விவசாய சங்கத் தலைவர் ராகேஷ் டிகைத் “அல்லாஹு அக்பர்” என்றும் “ஹர ஹர மகாதேவ்” என்றும் சேர்த்து முழங்க வைத்தார். அவர் அப்பா மகேந்திர சிங் டிகைத் காலத்து வழக்கம் அது. ஒட்ட ஆரம்பித்த இடத்தில்தான் 2024-இல் இந்த உத்தரவு வந்து விழுந்தது. ஆளும் கூட்டணியிலேயே இருக்கும் ராஷ்ட்ரிய லோக் தளத் தலைவர் ஜெயந்த் சௌத்ரி, இனி குர்தாவிலும் பெயர் எழுதிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார். அதற்காக அவரைப் பாராட்டுகிறேன். எதிர்க்கட்சிகள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஓட்டுக்கு முஸ்லிம் வேண்டும், ஆனால் அவர் பக்கத்தில் நிற்கும் படம் வெளியில் வந்தால் கூச்சம். மத்திய அமைச்சரவையில் 2022 ஜூலையில் முக்தார் அப்பாஸ் நக்வி விலகிய பிறகு, 2024-இல் புது அரசு பதவியேற்றபோதும், ஒரு முஸ்லிம் அமைச்சர்கூட இல்லை. இருபது கோடியை நெருங்கும் மக்களின் பெயர் கேபினட்டில் இல்லை, தாபா வாசலில் மட்டும் கட்டாயம் வேண்டுமாம்.

அரை நட்சத்திரம் எதற்குக் குறைத்தேன் என்றால், மின்விசிறிகள் போதாது, ஊறுகாயில் உப்பு கூடுதல், மதியம் மூன்று மணிக்கே பால் பாயசம் தீர்ந்துவிடுகிறது. இருவர் வயிறாரச் சாப்பிட்டு ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் பன்னிரண்டரைக்கு முன்னால் போய்விடுங்கள். அந்தச் சாலையில் எந்தக் கடையில் நின்றாலும் பச்சைப் புள்ளியைப் பாருங்கள், உரிமத்தைப் பாருங்கள், சாப்பிடுங்கள். பிறகு ரொட்டி எப்படி இருந்தது என்று நாலு வரி எழுதிவிட்டு நட்சத்திரம் போடுங்கள்.